நான் தூக்கிப் போட, அவன் அடிக்க

ஜூன் 24, செவ்வாய்

உதயகுமாருக்கு மீசை வந்துவிட்டதாம். பிரேயரில் நிற்கும்போது மூக்குக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் போய் நின்று காட்டினான். அப்போதும் தெரியவில்லை. "சைடுல பாருடா ஜோசு" என்றான். சைடில் பார்த்தால் ஏதோ நிழல் விழுந்த மாதிரி இருந்தது. "செமயா இருக்குதுடா" என்று சொல்லிவைத்தேன். தினமும் படுக்கப் போகும்முன் விளக்கெண்ணெய் தேய்க்கிறானாம். அவன் அக்கா சங்கீதாவுக்குத் தெரியக் கூடாதாம். தலையணை உறையைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே, மக்கு.

பதினொன்றாம் வகுப்பிலும் ரெண்டு பேருக்கும் ஒரே செக்‌ஷன். காமர்ஸ் குரூப். ஆறாம் வகுப்பில் உட்கார்ந்த மாதிரியே கடைசிக்கு முந்தின பெஞ்சு, நான் சுவர் ஓரம், அவன் வழி ஓரம். இது கிடைத்ததற்கு அம்மா சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றப் போவதாகச் சொல்கிறாள். நான் பாஸ் ஆனதற்குக்கூட ஏற்றவில்லை.

அப்பா வேன் ஓட்டுகிற கம்பெனியில் கொடுத்த டைரி இது. ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. பையன்கள் டைரி எழுதுவார்களா? எழுதினால் என்ன. யாரிடமும் சொல்லப்போவதில்லை. உதயாவிடம்கூட.

ஜூலை 4, வெள்ளி

வாலிபால் டீமில் ரெண்டு பேரையும் எடுத்துவிட்டார்கள். பி.டி. சார் எங்களை வரிசையாக நிற்க வைத்து, "இனிமே நீங்க சின்னப் பசங்க கெடயாது, ஆம்பளைங்க. வலிக்குது, மயக்கம் வருதுன்னு எவனாச்சும் வந்தீங்க, கைக்கு வளையல் வாங்கிக் குடுத்துடுவேன்" என்றார். எல்லாரும் சிரித்தோம். பிறகு நான் முழங்கால் தேய்ந்து ரத்தம் வந்ததை யாருக்கும் தெரியாமல் குழாயில் கழுவிக்கொண்டேன்.

நான் லிஃப்ட் போடுகிறவன். பந்தை வலைக்குப் பக்கத்தில் உயரமாகத் தூக்கிக் கொடுப்பது என் வேலை. உதயா ஓடி வந்து எகிறி அடிப்பான். கைதட்டல் எல்லாம் அவனுக்குத்தான். எனக்கு அதில் குறை இல்லை. அவன் எப்போது எகிறுவான் என்று எனக்குத் தெரியும். பார்க்கக்கூட வேண்டாம், காலடிச் சத்தம் போதும். நான் தூக்கிப் போடுவேன், அந்த இடத்தில் அவன் கை இருக்கும்.

ஜூலை 18, வெள்ளி

தினகரன் என்று புதிதாக ஒருத்தன் சேர்ந்திருக்கிறான். பிரைவேட் ஸ்கூலில் இங்கிலீஷ் மீடியம் படித்தவன். கண்ணாடி. சாப்பாட்டு நேரத்தில் மரத்தடியில் தனியாக நின்று போனில் ஏதோ எடிட் பண்ணிக்கொண்டே இருக்கிறான். போன் கொண்டுவரக் கூடாது என்பது அவனுக்கு மட்டும் இல்லை போல.

ஜூலை 30, புதன்

ஜெயித்துவிட்டோம்!!

குறுவட்டப் போட்டி ஃபைனல். கடைசி செட் இழுத்துக்கொண்டே போனது. கடைசிப் பாயிண்டுக்குப் பந்து கோணலாக வந்தது, ஓடிப்போய் விழுந்துகொண்டே தூக்கிப் போட்டேன். சரியாகப் போனதா என்று பார்க்க முடியவில்லை, முகம் மண்ணில். டமால் என்று சத்தம் மட்டும் கேட்டது. அவன் அடித்துவிட்டான்.

எழுந்திருப்பதற்குள் உதயா வந்து என்னைத் தூக்கிவிட்டான். நிஜமாகவே தூக்கினான், இடுப்பைப் பிடித்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரி. சுற்றினான். உச்சந்தலையில் ஒரு முத்தம் வேறு. தலையெல்லாம் மண் என்று துப்பினான். சிரித்துச் சிரித்து வயிறு வலி.

பி.டி. சார் எல்லாருக்கும் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தோளில் கை போட்டுக்கொண்டே நடந்தோம். உதயா அவன் ரோஸ்மில்க்கிலும் பாதியை எனக்குக் கொடுத்தான். மீசையில் ஒட்டிக்கொள்கிறதாம்.

ஜூலை 31, வியாழன்

தினகரன் நேற்று மேட்ச்சை வீடியோ எடுத்திருக்கிறான். உதயா என்னைத் தூக்கிச் சுற்றுவதை மட்டும் வெட்டி, மெதுவாக ஓடவிட்டு, ஒரு லவ் பாட்டைச் சேர்த்து, மேலே இருதயம் பறக்கிற மாதிரி ரீல் போட்டிருக்கிறான். வகுப்பு முழுக்கப் பார்த்துவிட்டது. நாங்கள் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் அந்தப் பாட்டைப் பாடினார்கள்.

நானும் சிரித்தேன். உதயாவும் சிரித்தான். நன்றாகத்தான் எடிட் பண்ணியிருக்கிறான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

சிரிப்பு நிற்கவில்லை. "புருஷன் வந்துட்டான், பொண்டாட்டி எங்க?" என்று அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதே கேட்கிறார்கள். வேறு செக்‌ஷன் பையன்கள் ஜன்னலில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். ரீலை தினகரன் டெலீட் பண்ணிவிட்டானாம். ஆனால் அதற்குள் யார் யாரோ எடுத்து அனுப்பிவிட்டார்கள்.

உதயா இன்றைக்குச் சிரிக்கவில்லை. அவன் தெருவில் டீக்கடையில் நிற்கிற அண்ணன்கள் போனை நீட்டி, "எப்போடா கல்யாணம், பட்டுப் பொடவ நாங்களே நெய்ஞ்சு குடுத்துடறோம்" என்று கேட்டார்களாம். அவன் சித்தப்பா பையனும் பக்கத்தில் நின்று சிரித்தானாம்.

"விடுடா, ஒரு வாரத்துல மறந்துடுவானுங்க" என்றேன்.

"உனக்கின்னா, உங்க தெருவுல யாரும் பாக்கல" என்றான்.

ஆகஸ்ட் 6, புதன்

ஸ்கூல் முடிந்து கேட்டைத் தாண்டும்போது வழக்கம்போல் அவன் தோளில் கை போட்டேன்.

"கைய எடுடா."

நான் எடுக்கவில்லை, விளையாடுகிறான் என்று நினைத்தேன்.

"எடுன்றன்ல!"

தட்டிவிட்டான். சுற்றி இருந்தவர்கள் ஓ என்று கத்தினார்கள். அவன் வேகமாக முன்னால் போய்விட்டான். என் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பாக்கெட்டில் வைத்தேன். எடுத்தேன். பையின் வாரைப் பிடித்துக்கொண்டே வீடு வரைக்கும் வந்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பெஞ்சு மாறிவிட்டான்.

ஆகஸ்ட் 9, சனி

அம்மா கேட்டாள், "உதயா இன்னாடா இந்தப் பக்கமே காணோம்? கோச்சுக்கினானா?"

"இல்லமா. பிராக்டிஸ்."

"பிராக்டிஸ்னா நீயும்தானே போவணும்?"

அம்மாவிடம் பொய் சொல்வது கஷ்டம். மேரி என்று பெயர் வைத்தால் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவார்கள் போல.

பிராக்டிஸ் நடக்கிறது. அவன் என்னிடம் "லிஃப்ட்" என்று கூப்பிடுவதில்லை. கையை உயர்த்துகிறான், அவ்வளவுதான். அடித்து முடித்தால் மற்ற எல்லாருடைய கையிலும் தட்டுகிறான், என்னைத் தாண்டிப் போகிறான். குரலைக்கூடக் கனமாக்கிப் பேசுகிறான். நடையே மாறிவிட்டது, அக்குளில் ஏதோ வைத்திருக்கிற மாதிரி கையை அகட்டிக்கொண்டு.

முன்னாடின்னா அந்த நடைக்கு நான் எவ்வளவு ஓட்டியிருப்பேன்! யாரிடம் சொல்லிச் சிரிப்பது? அவனிடம்தான் சொல்லணும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மாவட்டப் போட்டி. முதல் மேட்ச்சிலேயே அவுட்.

நான் தூக்கிப் போட்ட இடத்தில் அவன் கை இல்லை. அல்லது அவன் கை இருந்த இடத்தில் நான் போடவில்லை. எது என்று தெரியவில்லை. ரெண்டு முறை அவன் காற்றை அடித்தான். எதிர் டீம் பையன்கள் சிரித்தார்கள். அவர்களிடமும் அந்த வீடியோ இருந்தது. ஆட்டத்தின் நடுவே அந்தப் பாட்டை விசிலடித்தார்கள்.

முடிந்ததும் சட்டை மாற்றுகிற இடத்தில் ஒருத்தன், "புருஷன் பொண்டாட்டி சண்டைல நம்ம கப்பு போச்சுடா" என்றான். உதயா பையைச் சுவரில் எறிந்தான். எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து விரலை நீட்டி, "என்ன ஏன்டா சொல்றீங்க? இந்தப் பொட்டையாலதான் தோத்தோம்" என்றான்.

பொட்டை.

யார் வேண்டுமானாலும் சொல்லட்டும். இவன் சொல்றான். போன வருஷம் எனக்கு டைபாய்டு வந்தப்போ தினமும் வந்து நோட்ஸ் எழுதிக் குடுத்தவன். என் கையெழுத்து மாதிரியே எழுதக் கத்துக்கினவன். அவன் சொல்றான்.

ஆகஸ்ட் 13, புதன்

வகுப்பே முடிவு பண்ணிவிட்டது. நாளைக்கு ஸ்கூல் விட்டதும் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நானும் உதயாவும் ஒத்தைக்கு ஒத்தை. யார் ஆரம்பித்தது என்றே தெரியவில்லை. "ஆம்பளைன்னா வா" என்று என் பெஞ்சில் சாக்பீஸில் எழுதியிருந்தது. வராதவன்தான் பொண்டாட்டியாம். கரும்பலகைப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த உதயாவின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

உதடு கிழிந்திருக்கிறது. எழுத முடிகிறது, பேசத்தான் முடியவில்லை.

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

சைக்கிள் ஸ்டாண்டின் பின்சுவர் வரைக்கும் கூட்டம். ஒன்பதாம் வகுப்புப் பொடியன்கள்கூட வந்திருந்தார்கள். வட்டமாக நின்றார்கள், நடுவில் நாங்கள் ரெண்டு பேர். உதயா சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு வந்து என் காலரைப் பிடித்தான். முகத்துக்கு முகம். பற்களைக் கடித்துக்கொண்டு, வாய் அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"அடிடா ஜோசு. எல்லாரும் பாத்துக்கினு இருக்கானுங்க. நீ ஒண்ணு அடி, நான் ஒண்ணு அடிக்கிறேன், முடிஞ்சிடும். அப்புறம் எவனும் பேச மாட்டான்."

அப்போதுதான் புரிந்தது. இதுதான் அவன் திட்டம். ரெண்டு பேரும் அடித்துக்கொண்டால் நாங்கள் 'அப்படி' இல்லை என்று ஆகிவிடும்.

கையை ஓங்கினேன். ஓங்கினேன், நிஜம். அவன் முகத்தைப் பார்த்தேன். கன்னத்தில் ஒரு பரு. மீசை இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய் மினுமினுப்பு. நான் இந்த முகத்தில் எங்கே அடிப்பது?

கையை இறக்கிவிட்டேன். சத்தமாகவே சொன்னேன், "நான் அடிக்க மாட்டேன்."

கூட்டம் ஊளையிட்டது. "பொண்டாட்டி பயந்துட்டாடா!" உதயாவின் கண்ணில் ஒரு பயம் வந்தது. என்னைப் பார்த்து அல்ல, அவர்களைப் பார்த்து. "அடிடா... டேய் அடிடா..." என்று கெஞ்சினான். பிறகு அடித்தான். வாயிலேயே விழுந்தது. ரத்தம் உப்புக் கரித்தது. நான் கையைத் தூக்கவில்லை.

"போதுமாடா?" என்று கேட்டேன்.

அவன் தன் கையைப் பார்த்தான். விரல் முட்டியில் என் ரத்தம். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்து அழுதான். கண் கலங்குவது மாதிரி இல்லை. வாயைத் திறந்துகொண்டு, சத்தமாக, மூக்கில் ஒழுக ஒழுக. அந்தக் கனமான குரல் எல்லாம் எங்கே போனதோ.

ஊளை நின்றுவிட்டது. யாருக்கும் என்ன பண்ணுவது என்று தெரியவில்லை. பார்க்கக் கூடாததைப் பார்த்த மாதிரி ஒவ்வொருத்தராகப் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். தினகரன் மட்டும் நின்றான். தன் தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்தான். நான் வாயைக் கொப்புளித்துத் திரும்புவதற்குள் உதயா எழுந்து ஓடிவிட்டான்.

அப்பா சாப்பிடும்போது கேட்டார்.

"திருப்பி அடிச்சியா?"

"இல்லப்பா."

"ஏன்?"

"உதயாப்பா."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பிறகு தன் தட்டில் இருந்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டு எழுந்துபோனார். மெல்ல முடியவில்லை. முழுங்கினேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். உதயா வரவில்லை. மிட்டாய் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்னும் வரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் தினகரன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். டிபன் பாக்ஸைத் திறந்தவன் அதில் கை வைக்கவே இல்லை. "எல்லாம் என்னாலதான்" என்றான். ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. உதடு வலித்தது, சொல்லவில்லை.

"நான் கிண்டல் பண்ண போடலடா. நீ நம்ப மாட்ட. பழைய ஸ்கூல்ல எனக்கு ஃபிரெண்டுன்னு ஒருத்தன்கூட இல்ல. உங்க ரெண்டு பேரையும் அன்னிக்கு எடுத்துக்கினு இருக்கும்போது... நல்லா இருந்துச்சு. அதுக்கு எந்தப் பாட்டு போடறதுனு தெரியல. சந்தோஷமா இருக்கற பாட்டெல்லாம் லவ் பாட்டாதான் இருக்குது. அதான் போட்டேன். பசங்க சிரிச்சாங்க. என் வீடியோவுக்கு அவ்ளோ பேரு சிரிச்சது அதான் ஃபர்ஸ்ட் டைம். எனக்கும் குஷி ஆயிடுச்சு. இருதயம் மட்டும் நான் வேணும்னேதான் போட்டேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான். இவன்மேல் கோபத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அவன் டிபன் பாக்ஸில் இருந்த தயிர்சாதத்தைப் பார்த்ததும் கோபம் நிற்கவில்லை. அவ்வளவு கொஞ்சம். தனியாகச் சாப்பிடுகிறவனின் அளவு.

ஆகஸ்ட் 20, புதன்

யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு உதயாவைப் பிடிக்கும். எவ்வளவு பிடிக்கும்? ரொம்ப. அதற்கு ஒரு பெயர் வேண்டுமா? அம்மாவைப் பிடிக்கும் என்றால் யாரும் பெயர் கேட்பதில்லை.

'அப்படி' இருந்தாலும் என்ன? அப்படி இருக்கிற பையன் எங்கள் ஸ்கூலிலேயே ஒருத்தனாவது இருப்பான் இல்லையா? அவன் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் நின்றிருப்பான். எங்களுக்கே இந்த அடி என்றால், அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

தெரியல. தூக்கம் வருது. ஒன்று மட்டும் தெரியும். உதயா இல்லாமல் ஸ்கூல் போர்.

ஆகஸ்ட் 23, சனி

அவன் வீட்டுக்குப் போனேன்.

ஏகாம்பரநாதர் கோயில் தாண்டி அந்தத் தெருவில் நுழைந்ததும் கால் தயங்கியது. டீக்கடையில் அந்த அண்ணன்கள் இருந்தார்கள். குனிந்துகொண்டு போனேன். வாசலிலேயே தறிச் சத்தம். உதயாவின் அப்பா குமாரவேல் தறியில் இருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார், கை நிற்கவில்லை. அவருக்கு எவ்வளவு தெரியும்?

சங்கீதா அக்கா நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே வந்தது. என் உதட்டைப் பார்த்து, "நல்லாதான் குத்தியிருக்கான், நாயி" என்றது. "மாடிலதான் கெடக்கறான். தறிப் பாவு நூல சுருட்டுன மாதிரி சுருட்டிக்கினு. போ, போயி பிரி."

அவன் பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். நான் கதவோரம் உட்கார்ந்தேன். கீழே தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"வலிக்குதாடா?" என்று சுவரைப் பார்த்தே கேட்டான்.

"காரம் சாப்புட முடியல."

"பிரியாணி?"

"அதுவும்தான்."

"அய்யோ" என்றான். நிஜமாகவே வருத்தப்பட்டான்.

பிறகு பேசினான். அப்பா கண்ணில் அந்த வீடியோ பட்டுவிடுமோ என்றுதான் அவனுக்குப் பயமாம். மற்ற எவன் சிரித்தாலும் தாங்கிவிடலாம், அப்பா தலைகுனிந்துவிட்டால்? அதனால்தான் தட்டிவிட்டது, பெஞ்சு மாறியது, எல்லாம். "உன்ன அப்படிச் சொன்னேன் பாரு, அன்னிக்கி வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன்டா" என்றான்.

"உங்க அப்பா பாத்துட்டாரா?"

"முந்தாநேத்து. இந்த சங்கீதாதான் காட்டிட்டா. ஏன் படுத்துக்கினே இருக்கான்னு கேட்டாரு, இவ போன நீட்டிட்டா."

"இன்னா சொன்னாரு?"

உதயா இப்போதுதான் என் பக்கம் திரும்பினான். முகமெல்லாம் வீங்கியிருந்தது. "ரெண்டு வாட்டி போட்டுப் பாத்தாரு. 'ஜெயிச்சீங்களா? அப்ப கப்பு எங்க?'னு கேட்டாரு. கப்பு ஸ்கூல்ல இருக்குதுனு சொன்னேன். 'அந்தப் புள்ளைய இப்படித் தூக்கறியே, இடுப்புப் புடிச்சுக்கப்போவுது'ன்னாரு. அவ்ளோதான்டா. அவ்ளோதான்! இதுக்காடா நான்..."

பாயில் எழுந்து உட்கார்ந்தான்.

சாயங்காலம் மாடிச் சுவரோரம் நின்றிருந்தோம். கீழே அவன் அப்பாவும், எதிர்வீட்டு தனசேகரன் மாமாவும் டீ குடிக்கக் கிளம்பினார்கள். மாமா ஏதோ சரிகை விலையைப் பற்றிப் புலம்பிக்கொண்டே வந்தார். ரெண்டு பேரும் நடந்தபடியே, பேச்சை நிறுத்தாமல், சுண்டுவிரலைச் சுண்டுவிரலில் கோத்துக்கொண்டார்கள். கோத்தது அவர்களுக்கே தெரிந்திருக்காது. அப்படியே தெருமுனை வரைக்கும் ஆட்டிக்கொண்டு போனார்கள். டீக்கடை அண்ணன்கள் எழுந்து நின்று அவர்களுக்கு இடம் விட்டார்கள்.

உதயா என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் சிரிக்க ஆரம்பித்தான். நான் உதட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், தையல் இல்லாத காயம், திறந்துகொள்ளும் போல இருந்தது.

"சிரிக்க வெக்காதடா!"

"நீ ஏன்டா பாக்கற!"

ஆனாலும் கிளம்பும்போது ரெண்டு பேரும் கையைப் பாக்கெட்டில்தான் வைத்திருந்தோம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

உதயா வந்தான். முதல் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தான். "அழுமூஞ்சி" என்று ஒருத்தன் ஆரம்பித்தான். இன்னொருத்தன் குழந்தை மாதிரி அழுது காட்டினான்.

நான் பையை எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இங்க ஒக்காராத ஜோசு, உன்னயும் சேத்து ஓட்டுவானுங்க."

"நகருடா, ஃபேன் இங்கதான் நல்லா வருது."

நகர்ந்தான். பயமாகத்தான் இருந்தது. கணக்குப்பதிவியல் வகுப்பு முழுக்க என் காது சூடாகவே இருந்தது. பின்னால் யாரோ விசிலடித்தார்கள். உதயாவின் கால் பெஞ்சுக்கு அடியில் நடுங்கியது. கைதான் எதுவும் நடக்காத மாதிரி பற்று, வரவு என்று கோடு போட்டுக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 3, புதன்

இதை எழுதாமல் தூங்க முடியாது.

தண்ணீர்க் குழாயருகே அதே பையன், அன்றைக்குக் கப்பு போச்சு என்று சொன்னவன், "என்ன உதயா, பொண்டாட்டி தண்ணி புடிச்சுக் குடுக்கறாளா?" என்றான். சுற்றி ஐந்தாறு பேர். அவர்கள் முகத்தில் அந்தச் சிரிப்பு தயாராக இருந்தது.

உதயா பாட்டிலை மூடினான். நிதானமாக மூடினான். "ஆமா" என்றான். "இன்னா இப்போ?"

அந்தப் பையன் காத்திருந்தான். உதயா கத்துவான், தள்ளுவான், ஏதாவது வரும் என்று. ஒன்றும் வரவில்லை. உதயா நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ள விரும்புகிறவன் மாதிரி அவனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இல்ல... சும்மா சொன்னேன்."

"சரி. நகரு, அவன் ரொப்பணும்."

நகர்ந்துகொண்டான். நான் பாட்டிலை ரொப்பினேன். பாதி வெளியே போனது. வகுப்புக்கு நடக்கும்போது உதயா மெதுவாகச் சொன்னான், "எனக்கு ஒண்ணுக்கு வந்துடுச்சுடா."

அக்டோபர் 8, புதன்

உதயாவுக்குப் புதுத் தொல்லை. அன்றைக்கு எல்லார் முன்னாலும் அழுதான் இல்லையா, அதற்குப் பிறகு ஒவ்வொருத்தனாகத் தனியாக இவனிடம் வருகிறானாம். ஒருத்தனுக்கு அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்களாம். ஒருத்தனுக்கு இருட்டு என்றால் இன்னும் பயமாம். தண்ணீர்க் குழாய்ப் பையன்கூட வந்தான். அவன் நாய் செத்துப்போய் ஒரு மாதம் ஆகிறதாம், வீட்டில் அழுதால் அண்ணன் அடிப்பானாம். உதயா அவனோடு பிளேகிரவுண்டு சுவரில் ஒரு பீரியட் உட்கார்ந்திருந்தான்.

"எல்லாரும் என்கிட்டயே வர்றானுங்கடா. நான் இன்னா டாக்டரா?" என்று புலம்புகிறான். முகத்தில் பெருமை தாங்கவில்லை.

தினகரனை டீமில் சேர்த்துப் பார்த்தோம். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறான். ஸ்கோர் போர்டில் நிற்க வைத்திருக்கிறோம். அங்கேயும் எங்களுக்கு ஒரு பாயிண்டு அதிகமாகப் போட்டு பி.டி. சாரிடம் மாட்டிக்கொண்டான். சாப்பாடு இப்போது மூன்று பேரும் சேர்ந்துதான். அவன் அம்மா பெரிய டப்பா கட்டிக் கொடுக்கிறார்.

நவம்பர் 15, சனி

வாலாஜாபாத்தில் ஒரு கிளப் நடத்திய டோர்னமெண்ட். ரெண்டாவது ரவுண்டில் தோற்றோம். மழையில் ஊறின மைதானம், முழங்கால் வரைக்கும் சேறு. யாரும் யாரையும் திட்டவில்லை. திரும்பும்போது ஆறு பேர் போண்டாவைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம்.

அம்மா உதயாவுக்கு என்று மீன் குழம்பு வைத்திருந்தாள். அதனால் செவிலிமேட்டில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு அவனும் என்னோடு வந்தவாசி பஸ்ஸில் ஏறினான். டியூஷன் விட்ட நேரம். பஸ்ஸில் பாதி எங்கள் ஸ்கூல் பையன்கள்தான். எங்களுக்கு எப்படியோ சீட் கிடைத்தது. உட்கார்ந்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

கண்ணைத் திறந்தால் ஜன்னலுக்கு வெளியே பாலாறு. இந்த மழையில் நிஜமாகவே தண்ணீர் ஓடுகிறது. என் தலை உதயாவின் தோளில் இருந்தது. பஸ் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது.

"டேய், செவிலிமேடு?"

"அப்பவே போயிடுச்சு."

"எழுப்ப வேண்டியதுதானே?"

"தூங்கிக்கினு இருந்த."

கண்டக்டர் வந்து செவிலிமேடு எறங்கு, எறங்கு என்று ரெண்டு முறை கத்தினாராம். இவன் வாயில் விரலை வைத்துக் காட்டி, அடுத்த ஸ்டாப்புக்கு வேறு டிக்கெட் வாங்கியிருக்கிறான். நின்றிருந்தவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இறங்கித் திரும்ப நடந்தோம். கை மரத்துப்போய்விட்டது என்று உதறிக்கொண்டே வந்தான். நடுப்பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்க்கும்போதுதான் கவனித்தேன், அவன் சட்டைத் தோளில் வட்டமாக ஈரம். என் எச்சில்.

துடைத்துவிடப் போனேன்.

"உடுடா" என்றான். "காஞ்சிடும்."